பொசானும் பவுங்சானும்

எங்கள் அரிசிக்கடையில் காது கொஞ்சம் மந்தமானால் ஒரு சிக்கல் உண்டு. பர்மிய மொழியில் ‘பொசான்’ என்றால் மணமுள்ள உயர்ரக அரிசி. வேகவைத்தால் பூப்போல நீண்டு விரியும். 2011இல் உலகின் சிறந்த அரிசி என்று பரிசு வாங்கியது அதுதான். ‘பவுங்சான்’ என்றால் புழுங்கல் அரிசி. காதுக்கு அரை எழுத்து வித்தியாசம். யாங்கோனில் முப்பது ஆண்டு வியாபாரத்தில், பொசான் கேட்டவருக்குப் பையன் பவுங்சானை நிறுத்துக் கட்டிவிட்டு வசை வாங்கிய நாட்கள் பல. பவுங்சான் கேட்டவருக்குப் பொசானைக் கட்டிக்கொடுத்தால் யாரும் திட்டியதில்லை. திட்டுவானேன்? புழுங்கல் அரிசி என்றால் இங்கே தமிழனுக்கே இட்லி மாவு நினைவுதான் வரும். சோற்றுக்கு அதை வாங்குகிறவர் வீட்டில் ஏதோ நெருக்கடி என்று நானே நினைத்திருக்கிறேன். என் தாத்தா பஸுண்டவுங் ஓடைக்கரை அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். சாகும்வரை புழுங்கல் சோறுதான் தின்றார். அவர் பேரன் வெள்ளை அரிசி விற்று வீடு கட்டினான். எங்கள் குடும்பம் மேலே வந்ததற்கு அதை ஓர் அடையாளமாகவே வைத்திருந்தேன்.

இன்னொன்றிலும் எனக்கு இறுமாப்பு உண்டு. எங்கள் தெருவில் உடம்பு சோர்ந்தால் ஊசி, பரீட்சைக்கு முன்னால் பிள்ளைக்கு ஊசி, வெயிலில் மயங்கினால் பாட்டில் ஏற்றி அதற்குள்ளும் ஊசி. எல்லாம் அந்தச் சிவப்புத் திரவம், பி வைட்டமின் கலவை. பர்மியர்கள் இவற்றை ‘ஆசே’, அதாவது பலம் தரும் மருந்து, என்பார்கள். நம்மவர்களும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். என் அம்மா மாதம் ஒருமுறையாவது தெருமுனை டாக்டரிடம் போய்ப் போட்டுக்கொண்டு வருவார். மறுநாள் காலை சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போனால், “பார், மருந்து வேலை செய்கிறது” என்பார். அது பி2 உடம்புக்கு வேண்டாம் என்று வெளியே போகிற நிறம் அம்மா, நீ காசைக் கழிவறையில் கொட்டுகிறாய் என்று நான் சொல்வேன். பருப்பும் கீரையும் தின்கிறவனுக்கு ஊசி எதற்கு என்பது என் கட்சி. கடையில் வந்து உட்காருகிறவர்களிடமும் இதையே பிரசங்கம் செய்வேன். அந்தக் கட்சி ஒரே இரவில் உடைந்தது. உடைந்ததை ஒட்டவைக்கப் போய் வேறொரு தவறு செய்தேன். இரண்டையும் எழுதிவிட்டால் மனம் ஆறும் என்று நினைத்து எழுதுகிறேன்.

சத்தம் வராத வாய்

அக்காவின் மகளைப் பெகுவைத் தாண்டி ஞாங்லேபின் பக்கம் ஒரு தமிழ்க் கிராமத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். வயல் உள்ள குடும்பம், நல்ல மனிதர்கள். முதல் பிரசவம் ஆண் குழந்தை. தாய்மாமன் சீராக நான் பணமும் துணியும் அனுப்பினேன். கூடவே ஒரு மூட்டை முதல்தரப் பொசான். பிள்ளை பெற்றவள் நல்ல சோறு தின்னட்டும் என்று, நானே பார்த்து, பால்போல் தீட்டியதாகப் பொறுக்கி அனுப்பிய மூட்டை அது. இதை இப்போது எழுதும்போதும் கை கொஞ்சம் தயங்குகிறது.

குழந்தைக்கு இரண்டரை மாதம் ஆனபோது அக்கா தொலைபேசியில் அழுதாள். பிள்ளை பால் குடிக்கவில்லை, வாந்தி எடுக்கிறான், “தம்பி, அவன் அழுகிறான், ஆனால் சத்தம் வரவில்லை” என்றாள். எனக்குப் புரியவில்லை. மழைக்காலம், பஸ் பிடித்து நாங்கள் இருவரும் போய்ச் சேர இருட்டிவிட்டது. போய்ப் பார்த்த பிறகுதான் அக்கா சொன்னதன் பொருள் தெரிந்தது. குழந்தை வாயை முழுதாகத் திறந்து, முகம் சிவக்க, நெற்றி சுருங்க அழுதான். தொண்டையிலிருந்து வந்தது வெறும் காற்று. பழைய துருத்தியை அமுக்கினால் வருமே, அப்படி ஒரு கரகரப்பு. மூச்சு விரைவாக ஓடியது, உதட்டைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது. வீட்டில் அதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. சீர் தட்டியிருக்கிறது என்றார்கள், தொண்டைக் கட்டு என்றார்கள், பூசாரி விபூதி போட்டுவிட்டார், திருஷ்டியும் சுற்றியாயிற்று. நான் என் பங்குக்கு நிமோனியா என்று தீர்மானித்து, இரவோடு இரவாக நகரத்துக்கு வண்டி பிடிக்கத் துடித்தேன். வண்டி கிடைக்கவில்லை, வழியில் வெள்ளம். பக்கத்து ஊர் சுகாதார நிலையத்துக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனோம்.

அங்கே இருந்தது டாக்டர் இல்லை. ஐம்பது வயது தாண்டிய ஒரு மருத்துவச்சி, பர்மியப் பெண். எல்லோரும் சயாமா என்று அழைத்தார்கள். அந்த அம்மாள் குழந்தையின் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார், ஈரலை அமுக்கிப் பார்த்தார், அவன் ஊமை அழுகையை ஒருமுறை கவனித்தார். பிறகு குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டுத் தாயின் பக்கம் திரும்பினார். எனக்குக் கோபம் வந்தது. நோயாளி இவன், இந்த அம்மாள் இவளிடம் என்ன கதை பேசுகிறார்? “மகளே, கால் மரத்துப்போகிறதா?” ஆமாம் என்றாள் அவள். “கெண்டைக்கால் வலிக்கிறதா?” சயாமா குனிந்து அவள் கெண்டைக்காலைப் பிடித்து அமுக்க, அவள் துள்ளினாள். “குந்து. கையை ஊன்றாமல் எழுந்திரு.”

அக்காள் மகள் குந்தினாள். இருபத்திரண்டு வயதுப் பெண், நாற்று நட்டுப் பழகியவள். எழ முயன்றாள், முடியவில்லை. மறுபடி முயன்றாள். தொடை நடுங்கியது, பக்கத்திலிருந்த கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, வெட்கத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். “பிள்ளை பெற்றால் இப்படித்தான் மாமா இருக்கும் என்று நினைத்தேன்” என்றாள். அந்த அறையில் அதுவரை ஒருவருக்கும் தோன்றாதது அதுதான். நோய் குழந்தையிடம் தொடங்கவில்லை. அவளிடம் இல்லாதது அவள் பாலிலும் இல்லை. அவன் குடித்ததெல்லாம் அந்தப் பால் மட்டுமே.

சயாமா அலமாரியைத் திறந்து சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றை உடைத்தார். “என்ன மருந்து?” என்று கேட்டேன். “பி1, ஊலே” என்றார், ‘சித்தப்பா’ என்று முறை சொல்லி, ஏதோ உப்பு என்பதுபோல. நான் முப்பது ஆண்டு கேலி செய்த பொருள். நிமோனியாவுக்கு எதுவும் கொடுக்க மாட்டீர்களா என்றேன். பொறுத்திருந்து பாருங்கள் என்றார். தாய்க்கும் ஓர் ஊசி போட்டார். நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு மூன்று மணி நேரத்தில் மூச்சின் ஓட்டம் தணிந்தது. உதட்டு நீலம் எப்போது போனது என்று நாங்கள் கவனிக்கவே இல்லை. விடிவதற்கு முன் பால் குடித்தான். குரல் மட்டும் உடனே திரும்பவில்லை. அதற்குச் சில நாட்கள் ஆயின. நான் யாங்கோன் திரும்பிய பிறகு அக்கா தொலைபேசியைக் குழந்தையின் வாயருகே பிடித்தாள். கடையில் வாடிக்கையாளர் இருவர் நிற்க, அந்தக் காட்டுக் கத்தலைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று காலையே சயாமா அவளுடைய சாப்பாட்டை விசாரித்தார். பர்மியர்களுக்குப் பிரசவித்தவளை நெருப்போரம் வைத்து, குளிர்ந்தவை என்று பலவற்றை விலக்கும் ‘மீநே’ வழக்கம் உண்டு. நமக்குப் பத்தியம். அவள் மாமியார் பக்திமான். எதையும் குறை வைக்க விரும்பாதவர். இரண்டு மரபுகளின் விலக்குகளையும் சேர்த்துக்கொண்டார், இரண்டின் உணவுகளில் பாதியை விட்டுவிட்டார். பருப்பு வாயு, கீரை குளிர்ச்சி, முட்டை மாந்தம், பழம் சளி. மிஞ்சியது சோறு, சுட்ட கருவாடு, மிளகு. சோறும் எப்படி? நான் அனுப்பிய பொசானை மூன்று தண்ணீர் கழுவி, கஞ்சி வடித்து. நாள் முழுக்கக் கடுந்தேநீர். வாய்க்குச் சும்மா இருக்க வேண்டாம் என்று வெற்றிலை பாக்கு. தேயிலையிலும் பாக்கிலும் உள்ள துவர்ப்புச் சத்து, கிடைக்கும் சொற்ப பி1ஐயும் கெடுத்துவிடும். இதில் இன்னொரு கொடுமை, இந்த நாட்டில் கர்ப்பிணிகளுக்கு ஒன்பதாம் மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் மூன்று மாதம்வரை நாளுக்கு 10 மில்லிகிராம் பி1 மாத்திரை கொடுக்கிற ஏற்பாடு இருக்கிறது. அவளுக்கும் கொடுத்திருந்தார்கள். மாத்திரை குளிர்ச்சி என்று மாமியார் பால்மாவு டப்பாவில் போட்டு மூடிவைத்திருந்தார்.

கோழிகளும் கூலிகளும்

திரும்பி வந்து படிக்க ஆரம்பித்தேன். வியாபாரி புத்தி, முதலில் கணக்குத்தான் போட்டேன். நன்றாகத் தீட்டிய பச்சரிசியில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 0.06 மில்லிகிராம் பி1. புழுங்கலில் 0.2. பாலூட்டுகிறவளுக்கு நாளுக்கு ஒன்றரை மில்லிகிராம் அளவுக்கு வேண்டும். அரைக் கிலோ அரிசி தின்றாலும் பொசான் 0.3 கொடுக்கும், அதுவும் கழுவி வடிப்பதற்கு முன். பவுங்சான் 1.0 கொடுக்கும், மீதிக்கு இரண்டு கை பாசிப்பயறு போதும். உடம்பின் கையிருப்போ மொத்தமே முப்பது மில்லிகிராம்தான்; இரண்டு மூன்று வாரத்தில் கல்லா காலி. பி12 அப்படியில்லை, கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும். பி என்று ஒரே எழுத்தைப் போட்டு எட்டுச் சரக்கை ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்கள். ஒன்றின் குணம் ஒன்றுக்கு இல்லை.

தவிட்டில் இருக்கும் சத்து தண்ணீரில் கரையக்கூடியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு மில்காரன் எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே நிற்கும். பச்சையாகத் தீட்டினால் பெரும்பகுதி தவிட்டோடு போயிற்று. அந்தத் தவிட்டை எங்கள் பக்கம் வாத்து வளர்ப்பவர்கள் வாங்கிப்போகிறார்கள். வாத்துகள் ஆசே கேட்டதில்லை.

ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் கோழிகளைப் பார்த்துத்தான் முதலில் இதைப் பிடித்தார். ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுந்தன. புதிதாக வந்த சமையற்காரர், ராணுவ அரிசியை ஊர்க்கோழிக்குப் போட மாட்டேன் என்று மறுத்துத் தீட்டாத அரிசிக்கு மாற்ற, எழுந்து நடந்தன. கஞ்சத்தனத்தால் அறிவியல் முன்னேறிய இடம் இது. பிறகு வோர்டர்மன் என்பவர் ஜாவாவின் சிறைகளைக் கணக்கெடுத்தார். வெள்ளை அரிசிச் சிறைகளில் 39 கைதிகளுக்கு ஒருவர் பெரிபெரி நோயாளி. பி1 குறைவால் வரும் இதே நோய்க்குத்தான் பெரிபெரி என்று பெயர். தீட்டாத அரிசிச் சிறைகளில் பத்தாயிரத்துக்கு ஒருவர். ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பொருளை 1936இல் ஆய்வகத்தில் செய்துகாட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது நம் சென்னை மாகாணத்து நெல்லூரில். நெல் ஊர்க்காரர்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது மலாயாக் கதை. பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் அங்கே ஒரு புதிரைப் பார்த்தார். சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். அதே வெயில், அதே மழை, அதே வறுமையில் இருந்த தமிழ்க் கூலிகளுக்கு அது அநேகமாக வரவே இல்லை. சீனர்கள் தின்றது தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கல். 1907இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். மூட்டை தூக்கிய என் தாத்தாவும் அந்தக் கணக்கில் ஒருவர்தான். அவர் காலில் நின்றதற்கு நான் கேவலமாக நினைத்த அந்தச் சோறும் ஒரு காரணம். இதன் மறுபக்கமும் நம் கதையில் உண்டு. 1942–43இல் சயாம்–பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துவரப்பட்ட தமிழர்களுக்கு முகாமில் கிடைத்தது வெள்ளை அரிசி, அதுவும் அரைவயிற்றுக்கு. காலராவும் வயிற்றுக்கடுப்பும் கொன்றது போகப் பெரிபெரியும் சேர்ந்துகொண்டது. அந்தப் பாதையின் பர்மா முனையான தன்பியுஸயாட் பக்கம் போகும்போதெல்லாம் கல்லறைகளைப் பார்ப்பேன். இப்போது அரிசியும் நினைவுக்கு வருகிறது.

உடனே ‘நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள்’ என்று யாராவது கிளம்பிவிடப் போகிறார்கள் என்ற பயத்தில் சொல்கிறேன்: அறிந்திருக்கவில்லை. நெல்லை அவித்தால் குத்தும்போது நொறுங்காது, பூச்சி அதிகம் அரிக்காது, பசி தாங்கும். அதற்காக அவித்தார்கள். காப்பாற்றியது தற்செயல். அறிந்து செய்திருந்தால் இத்தனை எளிதாக ஒரு தலைமுறையில் விட்டிருக்க மாட்டோம். பத்தியக் குழம்பின் பூண்டைப் பற்றியும் ஒரு சேதி உண்டு. பூண்டின் கந்தகச் சத்தோடு பி1 சேர்ந்தால் குடல் அதை நன்றாக உறிஞ்சுகிறது என்று 1950களில் ஜப்பானியர்கள் கண்டு, அதிலிருந்து மருந்தே செய்தார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் சேர்வதற்கு முதலில் பி1 இருக்க வேண்டுமே. கருவாட்டோடு வடித்த சோற்றில் பூண்டு எதனோடு சேரும்?

இது எங்கள் குடும்பத்தின் தனி முட்டாள்தனம் என்று நினைத்துக் கூசியிருந்தேன். தாய்லாந்து எல்லையில் காரென் இன அகதி முகாம் ஒன்றைப் பற்றிய ஆய்வைப் படித்தபோது அந்தக் கூச்சம் போய் வேறொரு கனம் வந்தது. அங்கே 1980களின் பிற்பாதியில் ஆயிரம் குழந்தைகளுக்கு 183 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இந்த ஊமை அழுகை நோய். அதை அடையாளம் கண்டு பி1 கொடுக்கத் தொடங்கிய பின் சில ஆண்டுகளில் எண்ணிக்கை 78க்கு வந்தது. அவர்கள் கையில் இருந்ததும் அதே சின்னக் கண்ணாடிக் குப்பிதான்.

அம்மாவின் கால்

இங்கேதான் என் இரண்டாவது தவறு. சோம்பேறிகளின் போதை என்று ஊசியைச் சொல்லிக்கொண்டிருந்தவன், அன்றிரவுக்குப் பிறகு மதம் மாறியவனின் வேகத்தோடு கிளம்பிவிட்டேன். கடைப் பையனுக்கு மாத்திரை, எனக்கு மாத்திரை. அம்மாவுக்கு நீரிழிவு பன்னிரண்டு ஆண்டாக, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், கால் எரிகிறது, மரக்கிறது என்பார். மரப்பு என்று கேட்டவுடன் எனக்குக் கட்டில் காலைப் பிடித்து எழுந்த அந்தப் பெண்தான் கண்ணில் நின்றாள். மருந்துக் கடையில் பி1, பி6, பி12 மூன்றும் சேர்ந்த மாத்திரையை, இருப்பதில் வலுவானதாகப் பார்த்து, தினம் இரண்டு கொடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. இத்தனை நாள் ஊசிக்குத் திட்டிய மகனே மருந்து எடுத்துக் கொடுக்கிறான் என்று அம்மாவுக்குப் பெருமை தாளவில்லை.

இரண்டு ஆண்டு போயிற்று. மரப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியது. செருப்பு கழன்றது தெரியாமல் கோவிலிலிருந்து வீடுவரை வெறுங்காலில் நடந்து வந்தார். கை விரல்களும் மரத்தன, பூத்தொடுக்க முடியவில்லை. நான் மாத்திரையை மூன்றாக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நரம்பு மருத்துவரிடம் போனபோது, மகன் வயதுள்ள அவர், சாப்பிடுகிற எல்லாவற்றையும் மேசைமேல் வைக்கச் சொன்னார். பெருமையோடு வைத்தேன். அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு, “பி6 இதில் 200 மில்லிகிராம். தினம் இரண்டு என்றால் 400” என்றார். ஒரு மனிதருக்கு நாளுக்கு வேண்டியது ஒன்றரை மில்லிகிராம் வாக்கில். அளவு மீறிய பி6 நாள்பட உடம்பில் போனால் உணர்ச்சி நரம்புகளையே கெடுக்கும். 1983லேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்களாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பெரியவர்களுக்கு மேல்வரம்பாக வைத்தது 12 மில்லிகிராம். மரப்புக்கு என்று நான் கொடுத்தது மரப்பையே கொடுத்திருக்கிறது. எவ்வளவு நீரிழிவால், எவ்வளவு என்னால் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அவர் அதை மென்மையாகச் சொன்னது இன்னும் உறுத்தியது.

இரத்தம் எடுத்துப் பார்த்ததில் அம்மாவுக்கு உண்மையாகவே ஒன்று குறைந்திருந்தது. பி12. மெட்ஃபார்மின் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்களில் பலருக்குக் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. அம்மா மீனும் இறைச்சியும் விட்டுச் சைவமாகி எட்டு ஆண்டு. பி12 கிடைப்பதோ மீன், முட்டை, பால், இறைச்சியில்தான். அந்தக் கூட்டு மாத்திரையில் பி12 இருந்ததே என்றேன். இருநூறு மைக்ரோகிராம், உறிஞ்சாத குடலில் போய் எவ்வளவு ஏறும் என்றார். ஆக, ஊசி எழுதினார். பி12 மட்டும், தனியாக. சிவப்பு நிறம். நான் திட்டித் திட்டி நிறுத்தவைத்த அதே சிவப்பு. தெருமுனை டாக்டர் போட்ட கலவையில் கொஞ்சமாவது அது இருந்தது. அம்மா காசைக் கழிவறையில் கொட்டவில்லை, பாதியையாவது காலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். இதைச் சொன்னால் அம்மா இனி என்னை ஒரு பேச்சும் பேச விடமாட்டார் என்பதால் இன்றுவரை சொல்லவில்லை. இந்தப் பதிவை யாரும் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

அந்தக் கூட்டு மாத்திரையை நிறுத்தி ஓராண்டாகிறது. கை விரல் மரப்பு ஏறக்குறைய போய்விட்டது, மல்லிகை தொடுக்கிறார். பாதத்தில் பாதிதான் திரும்பியிருக்கிறது. கடையில் இப்போது யாராவது ‘ஆசே போட்டுக்கொள்ளலாமா’ என்று கேட்டால் எனக்கு ஆம், இல்லை என்று சொல்ல வரவில்லை. எது குறைந்திருக்கிறது என்று கேட்கிறேன். அவர்கள் பலவீனமாக இருக்கிறது என்கிறார்கள். கெண்டைக்காலை அமுக்கிப் பார் என்று அரிசிக்கடையில் உட்கார்ந்து சொல்ல முடியுமா? டாக்டரிடம் போங்கள், ஊசி கேட்காதீர்கள், காரணம் கேளுங்கள் என்கிறேன். முகம் சுளித்துக்கொண்டு போகிறார்கள். சிலர் அரிசியும் வாங்காமல் போகிறார்கள். பவுங்சான் மூட்டையை உள் அறையிலிருந்து எடுத்து வாசலில் வைத்திருக்கிறேன். விற்பனை பெரிதாக ஏறவில்லை. எங்கள் வீட்டில் மதியம் புழுங்கல். இரவு அம்மாவின் கட்டளைப்படி பொசான், கஞ்சி வடிக்காமல் பொங்கியது. அந்த அளவுக்குத்தான் வெற்றி.

அக்காள் மகள் மறுபடி கர்ப்பமாக இருக்கிறாள். பையனுக்கு நான்கு வயது. வாயை மூடவைக்க முடிவதில்லை. இந்த முறை ஒரு மூட்டை பவுங்சானும் அரை மூட்டை பாசிப்பயறும் முன்கூட்டியே அனுப்பினேன். சென்ற வாரம் அவள் மாமியாரே தொலைபேசியில் அழைத்தார். ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், பயறும் வேகவைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சம்பந்தி, நீங்கள் படித்துப் பார்த்தீர்களாமே. இந்த மாத்திரை சூடா, குளிர்ச்சியா?” என்று கேட்டார்.

“சூடுதான், சம்பந்தியம்மா” என்றேன்.

“பயறு?”

“அதுவும்.”